ஆராதனையில் அரசியலுக்கு இடம் உண்டா?

தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது உங்கள் ஆயர் பிரசங்கத்தின் நடுவே ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி, உண்மையான விசுவாசி யாரும் அதற்கு ஓட்டுப் போட மாட்டான் என்றிருக்கிறார். சிலர் ஆமென் சொன்னார்கள். இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போய்விட்டன. ஆலயத்தில் அரசியலே கூடாது என்கிறது சபையில் ஒரு பக்கம். அநியாயம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பாவம் என்கிறது மறுபக்கம். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறையியல் மாணவர்களுக்குப் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொடுப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. இந்தக் கேள்வி எழாத வகுப்பே இருந்ததில்லை. இரண்டு பக்கத்தாரும் ஆராதனையை ஒரே துண்டாகப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் படும் முதல் சிக்கல். ஆராதனையில் ஐந்தாறு வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம், பிறருக்காக மன்றாடுகிறோம், பிரசங்கம் கேட்கிறோம், அறிவிப்பு வாசிக்கிறார்கள், திருவிருந்தில் பங்கு பெறுகிறோம். ஒவ்வொன்றிலும் பேசுகிறவர் மாறுகிறார், கேட்கிறவரும் மாறுகிறார். ஜெபத்தில் தாராளமாகச் சொல்லக்கூடிய ஒன்று பிரசங்கத்தில் தவறாகலாம். பிரசங்கத்தில் சொல்ல வேண்டிய ஒன்று அறிவிப்பில் அபத்தமாகலாம். கோடு ஒன்றே ஒன்று என்று நினைத்துக்கொண்டு தேடுவதால்தான் அது அகப்படுவதில்லை.

முதலில் "அரசியலே வேண்டாம்" என்பவர்களை எடுத்துக்கொள்வோம். இந்தக் கோரிக்கை மிகப் பழையது. வேதத்தில் இதை வைத்தவன் பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா. ஏழைகளை மிதித்துக்கொண்டு பண்டிகை கொண்டாடுகிறீர்கள் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி பேசியதும், அமத்சியா ராஜாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஆமோசிடம் வந்து, யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள், பெத்தேலில் இனிப் பேசாதே, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்கிறான். கவனித்தீர்களா? ஆலயம் கடவுளுடையது என்று அவன் சொல்லவில்லை. ராஜாவுடையது என்கிறான். பெத்தேலில் அரசியல் ஏற்கெனவே நிறைய இருந்தது. அமத்சியாவின் சம்பளமே அதில்தான் இருந்தது. அவனுக்கு வேண்டாததெல்லாம் ஆமோசின் அரசியல்தான்.

நம் காலத்துக்கு அருகிலும் இதே கதை உண்டு. 1965 மார்ச் மாதம், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போதகர்கள் பலர் தெருவில் இறங்கியிருந்த நேரம். ஜெரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் அதைக் கண்டித்துப் பிரசங்கித்தார். போதகனின் அழைப்பு ஆத்தும ஆதாயம், அரசியல் இல்லை என்பது அதன் சாரம். அதே மனிதர் 1979-இல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கி, நாட்டின் வலுவான அரசியல் குரல்களில் ஒருவரானார். முன்பு பேசியது தவறு என்று பிற்பாடு அவரே சொன்னார். மனம் மாறுவது குற்றமில்லை. ஆனால் 'அரசியல் வேண்டாம்' என்று யாராவது சொன்னால், எந்த அரசியல் பேசப்படும்போது அவருக்கு இந்தக் கொள்கை நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள்.

இதைச் சொல்லும் எல்லாரும் அமத்சியாக்கள் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வாரம் முழுக்கச் செய்தியிலும் கைபேசியிலும் இதே சண்டையைக் கேட்டுக் களைத்தவர்கள் இருக்கிறார்கள். போன வாரம் கணவரைப் புதைத்துவிட்டு வந்தவர் இருக்கிறார். ஆலயத்திலாவது வேறு ஒன்றைக் கேட்க விடுங்கள் என்று அவர்கள் சொல்வது அதிகாரத்தைக் காப்பாற்ற இல்லை. அந்தக் குரலை மதிக்கத் தெரியாத ஆயர், எவ்வளவு நியாயமான காரியத்தைப் பேசினாலும் மேய்ப்பன் வேலையில் பாதியை விட்டுவிட்டார் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அரசியலின் வாடையே இல்லாத ஆராதனை என்று ஒன்று கிடையாது. விசுவாசப் பிரமாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இயேசுவைத் தவிர இரண்டு மனிதர்களின் பெயர்கள்தான் வருகின்றன. ஒருவர் மரியாள். மற்றவன் பொந்தியு பிலாத்து, ஓர் ஆளுநர், அரசாங்க அதிகாரி. ஓர் அரசு செய்த அநீதியான தீர்ப்பை, தீர்ப்பளித்தவனின் பெயரோடு, பல நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அப்புறம் மரியாளின் பாட்டு: பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார் என்கிறது. 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்று ஜெபிக்கிறோம். சபை என்பதற்குப் புதிய ஏற்பாடு பயன்படுத்தும் 'எக்ளேசியா' என்ற கிரேக்கச் சொல்லே, நகரத்துக் குடிமக்கள் கூடிப் பொதுக் காரியங்களை முடிவு செய்யும் கூட்டத்துக்கு இருந்த பெயர். ஆதிக் கிறிஸ்தவர்கள் ஊருக்குள் நிறையச் சொற்கள் இருக்க இதைப் போய் எடுத்தார்கள். 'இயேசுவே ஆண்டவர்' என்று அவர்கள் சொன்னபோது, அப்படியானால் பேரரசனாகிய இராயன் யார் என்ற கேள்வி ரோம அதிகாரிகளுக்கு உடனே எழுந்தது. ஏறக்குறைய கி.பி. 112-இல் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பேரரசரின் உருவத்துக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லிச் சோதித்ததாகக் குறிப்பிடுகிறார். ஆராதனையே அரசியல் விசாரணைக்கான சாட்சியாக இருந்தது.

'இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும்' என்ற வசனத்தை இதற்குப் பதிலாக யாராவது நீட்டுவார்கள். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வை என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். அந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கேள்வி வரியைப் பற்றியது, அதாவது அசல் அரசியல் கேள்வி. கேட்டவர்கள் பரிசேயரும் ஏரோதியரும். சாதாரணமாக ஒருவரோடொருவர் சேராதவர்கள், சிக்கவைக்கச் சேர்ந்து வந்திருக்கிறார்கள். இயேசு நாணயத்தைக் காட்டச் சொல்லி, இதில் யாருடைய உருவம் என்கிறார். நாணயத்தில் இருப்பது இராயனின் சாயல். மனிதனில் இருப்பது யாருடைய சாயல் என்பது ஆதியாகமம் முதல் அதிகாரம் படித்த எவருக்கும் தெரியும். இராயனுக்குப் போக வேண்டியது காசு, மனிதன் இல்லை. பெட்டி பிரிக்கிற வசனம் என்று நாம் நினைப்பது, இராயனுக்கு எல்லை கட்டுகிற வசனம். ஆதித் திருச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் காலத்திலிருந்தே இப்படி வாசித்திருக்கிறார்கள்.

சரி, மன்றாட்டு ஜெபத்துக்கு வருவோம். ஆராதனையில் அரசியல் மிக இயல்பாக நுழையும் இடம் இதுதான், நாம் மிகக் குறைவாகக் கவனிக்கும் இடமும் இதுதான். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபியுங்கள் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம். நல்ல ராஜாக்களுக்காக என்று அதில் இல்லை. பேரரசருக்குத் தூபம் காட்ட மறுத்த அதே ஆதிச் சபையார் பேரரசருக்காகத் தவறாமல் ஜெபித்தார்கள். அவரிடம் ஜெபிக்க மாட்டோம், அவருக்காக ஜெபிப்போம் என்பதே அவர்கள் நிலை. ஆட்சியில் இருப்பவரையும் எதிர்க்கட்சியில் இருப்பவரையும் ஒரே மூச்சில் சொல்லி ஜெபிக்க முடியாத சபை, பிரசங்கத்தில் எவ்வளவு நடுநிலை காட்டினாலும் பயனில்லை.

ஜெபம் கெட்டுப்போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பிரசங்கம். "ஆண்டவரே, கடந்த வாரம் சட்டமன்றத்தில் என்ன நடந்தது என்பதை நீர் அறிவீர்" என்று தொடங்கி, ஆண்டவருக்கே பத்து நிமிடம் செய்தி வாசிக்கிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு ஆண்டவருக்கு இல்லை, பக்கத்து பெஞ்சுக்கு. இரண்டாவது வழி இதைவிட ஆபத்தானது. அது அச்சடித்த ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே குடியேறிவிடும். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தோடு சில அரசு ஆராதனை முறைமைகளும் சேர்க்கப்பட்டிருந்தன. ஜனவரி 30-ஆம் தேதி முதலாம் சார்லஸ் மன்னரின் மரண தண்டனையை நினைத்துத் துக்கம். நவம்பர் 5-ஆம் தேதி வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதற்கு நன்றி. ஒரு தலைமுறைக்கு முன் நடந்த உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பின் வாசகம், எல்லாரும் முழங்காலிட்டுச் சொல்லும் ஜெபமாகிவிட்டது. 1859-இல்தான் அவற்றை நீக்கினார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள்! இடையில் எத்தனையோ பேர் 'ஆலயத்தில் அரசியல் கூடாது' என்று சொல்லிக்கொண்டே அதை வாசித்திருப்பார்கள்.

ஜெபத்தில் அரசியல் எப்படி இருக்கலாம் என்பதற்கு நான் மாணவர்களிடம் சொல்லும் உதாரணம் நாஜி ஜெர்மனியிலிருந்து. அரசுக்கு வளைந்துகொடுக்க மறுத்த புராட்டஸ்டன்ட் சபைகள் 'அறிக்கைச் சபை' என்ற பெயரில் இணைந்திருந்தன. கைது செய்யப்பட்ட, பேசத் தடைவிதிக்கப்பட்ட போதகர்களின் பட்டியல் ஒன்று அவர்களிடையே சுற்றிவரும். ஆராதனையில் மன்றாட்டின்போது அந்தப் பெயர்களை வாசிப்பார்கள். விமர்சனம் கிடையாது, விளக்கம் கிடையாது. இன்னார், இன்ன இடம், சிறையில் இருக்கிறார், அவருக்காக ஜெபிப்போம். அவர்களில் முன்னணிப் போதகரான மார்ட்டின் நீமோலர் 1937 ஜூலையில் கைதானபின் அவர் பெயரும் அப்படி வாசிக்கப்பட்டது. அந்த நாட்டில் அன்றைக்குப் பொதுவெளியில் உரக்கச் சொல்ல முடியாததை, கட்சி, கொள்கை என்ற ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். துன்பப்படுகிறவரின் பெயரைச் சொல்வதற்கு ஆராதனையில் எப்போதும் இடம் உண்டு. 'இது அரசியல்' என்று யாராவது எழுந்து போனால், போகட்டும்.

இனிப் பிரசங்கம். உங்கள் கேள்வியின் முள் குத்துவது இங்கேதான்.

பிரசங்கத்தின் விசித்திரம், அதில் யாரும் கையைத் தூக்க முடியாது. வகுப்பில் மாணவன் மறுத்துப் பேசலாம், பொதுக்கூட்டத்தில் கூச்சல் போடலாம், வீட்டில் பதிலுக்குப் பதில் சொல்லலாம். பிரசங்கத்தில் ஒருவர் பேச, நூறு பேர் மரியாதையால் மௌனமாக இருக்கிறார்கள். அந்த மௌனம் வேத வசனத்துக்குக் கொடுக்கும் மரியாதை. ஆயர் தன் சொந்தக் கணிப்பை அந்த மௌனத்துக்குள் வைத்துப் பேசும்போது, தனக்கு வராத ஒரு மரியாதையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். பசித்தவனுக்குச் சோறு போடு என்று சொல்ல அவரிடம் வேதம் இருக்கிறது. அதற்கு எந்த வரியை எத்தனை சதவீதம் ஏற்றுவது என்று சொல்ல அவரிடம் இருப்பது செய்தித்தாள், அது எல்லாரிடமும் இருக்கிறது.

அப்படியானால் ஆளுகிறவர்கள் செய்யும் தீமையைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் பேசவே கூடாதா? பேச வேண்டும். பேசியவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைப் பாருங்கள்.

தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்டபோது, நாத்தான் தீர்க்கதரிசி ஜனங்களைக் கூட்டி ராஜாவைப் பற்றிப் பேசவில்லை. ராஜாவிடம் போனார். ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்றார். கி.பி. 390-இல் தெசலோனிக்கேயாவில் பேரரசர் தியோடோசியஸின் படைகள் ஊர் மக்களைக் கொன்று குவித்தபோது, மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் முதலில் செய்தது, தன் கைப்படப் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதியது. வேறு யாரும் வாசிக்க வேண்டாம் என்றுதான் சொந்தக் கையால் எழுதுகிறேன் என்று அதிலேயே சொல்கிறார். மனம் வருந்தாமல் திருவிருந்துக்கு வர முடியாது என்றார். பேரரசர் எல்லார் முன்னிலையிலும் மனம் வருந்தினார். 1941 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் கத்தோலிக்க ஆயர் வான் காலன், மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசு ரகசியமாகக் கொல்கிறது என்று பிரசங்கத்தில் போட்டுடைத்தார். அதற்கு முன்பே, ஜூலை 28-ஆம் தேதி, இது கொலை, சட்டப்படி நடவடிக்கை எடுங்கள் என்று அதிகாரிகளிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்தார். எந்தச் சட்டப் பிரிவு மீறப்படுகிறது என்பதைக்கூடப் பிரசங்கத்தில் எண்ணோடு சொன்னார். பிரதிகள் கைமாறிக் கைமாறி நாடு முழுக்கப் போயின. மூன்று வாரத்தில் ஹிட்லர் அந்தத் திட்டத்தை அதிகாரபூர்வமாக நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 70,000 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள், கொலைகள் வேறு வழிகளில் தொடரவும் செய்தன. யூதர்களுக்காக அதே வேகத்தில் காலன் பேசவில்லை என்ற குறை இன்றும் அவர்மேல் உண்டு, நியாயமான குறைதான்.

மூவரும் மக்கள் முன்னால் வாய் திறப்பதற்கு முன் வேறெங்கோ நேரடியாகப் போயிருந்தார்கள். மூவரும் பேசியது செயலைப் பற்றி: என்ன நடந்தது, யாருக்கு நடந்தது. மூவருக்கும் அதனால் ஆபத்து காத்திருந்தது. எல் சால்வதோரின் பேராயர் ஆஸ்கார் ரொமேரோவும் இந்த வரிசைதான். அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களின் விவரங்களை ஒவ்வொரு ஞாயிறும் மறையுரையில் வாசிப்பார். வானொலியில் நாடே கேட்கும். 1980 மார்ச் 23-ஆம் தேதி, மக்களைக் கொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று படைவீரர்களை நோக்கிப் பேசினார். மறுநாள் மாலை திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார். 2018-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இங்கே ஒரு மாணவன் எப்போதும் கேட்பான்: "ஐயா, இவர்களெல்லாம் ராஜா, பேரரசர், சர்வாதிகாரி காலத்தவர்கள். யாரிடம் போய்ப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியும். ஓட்டுப் போட்டு ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் நாட்டில் நாத்தான் எங்கே போவார்?" நல்ல கேள்வி. குடியாட்சியில் தாவீது அரண்மனையில் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆளுகிறவர் வாக்காளர்தான். அப்படியானால் நாத்தான் அவரிடம்தான் பேச வேண்டும், "நீயே அந்த மனுஷன்" என்பதையும் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஆயர் செய்தது இதற்கு நேர் எதிர். அங்கே இல்லாத ஒரு கட்சியைப் பற்றி, அந்தக் கட்சியைப் பெரும்பாலும் பிடிக்காதவர்களிடம் பேசினார். ஆமென் சுலபமாகக் கிடைத்தது. ஆமென் சொன்ன யாருக்கும் குத்தவில்லை, குத்தப்பட்ட இரண்டு குடும்பங்களுக்கும் மனம் திரும்ப ஒரு வாசலும் காட்டப்படவில்லை, வெளியே போகும் வாசலைத் தவிர. அதற்குப் பதிலாக, "நீ ஓட்டுப் போடப் போகும்போது உன் பையைப் பற்றி மட்டும் நினைக்கிறாயா, உன் சாதியை, உன் இனத்தை, உன் பயத்தை நினைத்துப் போடுகிறாயா? ஓட்டில்லாத அந்நியனும் சிறைக்கைதியும் குழந்தையும் உன் கணக்கில் வருகிறார்களா?" என்று கேட்டிருந்தால் இரண்டு பக்கத்தாருக்கும் வியர்த்திருக்கும். நான் அறிந்த வரையில், அப்படிக் கேட்பது கட்சியின் பெயரைச் சொல்வதைவிடப் பல மடங்கு கடினம்.

இன்னொன்றும் இருக்கிறது, அது சிறியதாகத் தெரியலாம். எழுந்து போன அந்தக் குடும்பங்களில் யாராவது நாளை மருத்துவமனையில் கிடந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? என் இளவயதில் ஒரு சபையில் நான் இதே தவறைச் செய்தேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் புரியும்படி பேசினேன். சில மாதம் கழித்து அந்தச் சபையில் ஒரு தாய் இறந்தபோது, மகன் அடக்க ஆராதனைக்கு வேறொரு போதகரை அழைத்துவந்தார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் கைகுலுக்கினார், அவ்வளவுதான். அன்று நான் வென்ற வாதம் எது என்றுகூட இப்போது எனக்கு நினைவில்லை.

ஒரு கட்சியின் கொள்கையே சுவிசேஷத்தை மறுத்தால் என்ன செய்வது? அப்படிப்பட்ட நேரம் வரும், வந்திருக்கிறது. 1934 மே மாதக் கடைசியில் ஜெர்மனியின் பார்மனில் லுத்தரன், சீர்திருத்த, ஐக்கியச் சபைகளின் பிரதிநிதிகள் கூடி ஆறு கூறுகள் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். பெரும்பகுதியை எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். ஒவ்வொரு கூறும் ஒரு வசனம், ஓர் அறிக்கை, ஒரு மறுப்பு என்று போகும். நாஜிக் கொள்கையைச் சபைக்குள் கொண்டுவந்த 'ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்' குழுவின் போதனையை மறுத்தார்கள். ஹிட்லரின் பெயரோ கட்சியின் பெயரோ அதில் இல்லை. யூதர்களைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அது தன் குற்றம் என்று பார்த் பிற்காலத்தில் எழுதினார். ஆக, அளவுக்கு மீறிப் பேசுவதில் மட்டும்தான் தவறு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆனால் அங்கே முடிவெடுத்தது ஒரு தனி ஆயரின் ஞாயிறு காலை உணர்ச்சி இல்லை. போதகர்களும் போதகரல்லாதவர்களுமாகப் பலர் உட்கார்ந்து, வாதாடி, வசனத்தை வைத்து எழுதி, சேர்ந்து ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் ஆயருக்கு நிலைமை அவ்வளவு மோசம் என்று தோன்றினால், அவர் போக வேண்டிய இடம் பேராயமும் சக ஆயர்களும், அப்புறம்தான் பீடம்.

அறிவிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது என்று அறிவிக்கலாம், யாருக்கு ஓட்டு என்று அறிவிக்கக் கூடாது. ஆனால் அறிவிப்பின் பலத்தைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். 1955 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பினச் சபைகளின் பீடங்களிலிருந்து, நாளை பேருந்தில் ஏறாதீர்கள் என்று அறிவித்தார்கள். மறுநாள் தொடங்கிய அந்தப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அவர்களில் யாரும் அதைக் கட்சி அரசியலாக நினைக்கவில்லை. தங்கள் சபையார் தினமும் பேருந்தில் அவமானப்படுகிறார்கள் என்பது அவர்களுக்குச் சபைச் செய்தி.

திருவிருந்து. இங்கே மட்டும் என் கோடு வளையாது. 1857-இல் தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபையின் சினட் (சபையின் ஆளும் பேரவை), எல்லா இனத்தவரும் ஒரே சபையில் இருப்பதே வேதத்துக்கு ஒத்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' வெள்ளையரல்லாதவர்கள் தனி இடத்தில் கூடலாம் என்று அனுமதித்தது. ஒரு சலுகை, அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். 1881-இல் வெள்ளையரல்லாதவர்களுக்குத் தனிச் சபையே உருவானது. 1948-இல் இன ஒதுக்கல் நாட்டின் கொள்கையானபோது, சபை அதை எப்போதோ பழகியிருந்தது. 1982-இல் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு இன ஒதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பிப்பதைக் கள்ளப்போதனை என்று அறிவித்தது. அந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ ஞாயிறுகள் பீடத்தில் அரசியலே பேசப்பட்டிருக்காது. யார் யாரோடு சேர்ந்து அப்பம் பிட்கிறார்கள் என்பதிலேயே முழு அரசியலும் நடந்து முடிந்துவிட்டது. எந்தக் கட்சிக்காரரும் தன் எதிரியின் பக்கத்தில் முழங்காலிட வேண்டிய ஒரே இடம் அந்த மேசை. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்பதை வைத்து அங்கே ஒருவரை நிறுத்தினால், அது இராயனின் மேசையாகிவிடும்.

சட்டத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1954 முதல் வரிவிலக்குப் பெறும் சபைகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்று விதி உண்டு; பீடத்தில் பேசியதற்காக அதைப் பயன்படுத்தியது அரிது, 2025 ஜூலையில் வரித்துறையே, ஆராதனையில் தன் சபையாரிடம் பேசுவதற்கு அந்த விதி பொருந்தாது என்று நீதிமன்றத்தில் சொன்னது. இந்தியாவில் தேர்தல் நடத்தை விதிகள் வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்கத் தடை விதிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், சில விதிவிலக்குகளோடு, குருக்கள் கட்சிப் பணியில் தீவிரமாக ஈடுபடுவதைத் தானே தடுக்கிறது. ஆனால் சட்டத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒன்று: ஜெர்மனியில் 1871-இல் கொண்டுவந்த 'பீடச் சட்டம்', பொது அமைதியைக் குலைக்கும்படி அரசு காரியங்களைப் பேசும் போதகருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. 1937-இல் நாஜிகளை எதிர்த்துப் பேசிய ரூபர்ட் மாயர் என்ற இயேசு சபைக் குருவைத் தண்டிக்க அதே சட்டம் கைகொடுத்தது. ஹிட்லரைப் புகழ்ந்து பேசிய போதகர்களுக்கு அது தொல்லை தரவில்லை. எது அனுமதி என்பதைச் சட்டம் சொல்லும்; எது தகும் என்பதைச் சபைதான் யோசிக்க வேண்டும்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? உடனே சபை மாறாதீர்கள். ஆயரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். நாத்தான் முறை இருபக்கமும் பொருந்தும். "அரசியல் பேசாதீர்கள்" என்று தொடங்க வேண்டாம், அவர் உங்களை அமத்சியா என்று முடிவு செய்துவிடுவார். அந்தக் கட்சியின் எந்தச் செயல் அவரை வருத்தியது என்று கேளுங்கள். யாருக்குத் தீங்கு நடந்தது, அவர்களை அவர் நேரில் பார்த்தாரா, அவர்களுக்காகச் சபை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவரிடம் பதில் இருந்தால், அதுதான் பிரசங்கத்தில் வந்திருக்க வேண்டியது. இல்லையென்றால், பேசியது செய்தித்தாள்தான் என்பது அவருக்கே தெரிந்துவிடும். அப்புறம், வெளியே போன இரண்டு குடும்பங்களின் வீட்டுக்கும் அவர் போக வேண்டும், அவரோடு நீங்களும் போங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: தேர்தல் நேரத்தில் வேட்பாளர் ஒருவர் ஆராதனைக்கே வந்துவிட்டால்? வரட்டும், ஆலயம் எல்லாருக்கும் உரியது. மைக் வேண்டாம், முன்வரிசை வேண்டாம், பெயர் சொல்லி வரவேற்பும் வேண்டாம். பொன்மோதிரம் போட்டவரை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தை உடுத்தியவரை அங்கே நில் என்று சொல்வதைப் பற்றி யாக்கோபு என்ன எழுதினார் என்பது உங்கள் சபைக்குத் தெரியும். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே உட்காரட்டும், பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவர் பகிர்ந்துகொள்ளட்டும். மன்றாட்டு நேரத்தில் அவருக்காகவும் அவரை எதிர்த்து நிற்பவருக்காகவும் சேர்த்து ஜெபித்தால், அதை அவரும் கேட்டுவிட்டுப் போகலாம்.